இரண்டாம் சுற்றில் சொன்ன பெயர்

அன்புத் தோழி,

நேற்று உறைபெட்டியைத் துப்புரவாக்கினேன். குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிவந்த மீனை வைக்க இடமிருக்கவில்லை. அடித்தட்டில், முருங்கைக்காய்ப் பைகளுக்குக் கீழே, உன்னுடைய பாண் கிடந்தது. வாற்கோதுமைப் பாண், அரைவாசி. பையின் மேல் உன் சாய்ந்த கையெழுத்தில் 'வாற்கோதுமை, செப்டம்பர்' என்று உங்கள் நோர்வே மொழியான நோர்ஸ்க்கில் எழுதியிருந்தாய். எந்த ஆண்டு என்று எழுதவில்லை. போன ஆண்டுதான். அதற்குப் பிறகு நீ பாண் சுடவில்லை.

"எறியிறதோ?" என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். சூடாக்கி, அம்மாவும் அவரும் நானுமாகச் சம்பலோடு சாப்பிட்டு முடித்தோம். கொஞ்சம் காய்ந்திருந்தது. உப்புச் சரியாக இருந்தது.

நாம் பேசியதெல்லாம் நோர்ஸ்க்கில்தான். ஆனால் உன்னை நினைக்கும்போது உன் குரல் எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதியோர் நிலையத்தின் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் நின்று மரக்கறி வெட்டினோம். ரொம்சோஸில் ஒரே தொடர்மாடியில் நீ மூன்றாம் தளம், நாங்கள் ஐந்தாம் தளம் என்பது ஓராண்டு கழித்துத்தான் இருவருக்கும் தெரியவந்தது. உன்னை எனக்கு வேலையிடத் தொப்பியோடுதான் அடையாளம் தெரிந்திருந்தது.

ஒரு செப்டம்பரில், சனிக்கிழமை வேலையை மாற்றிச் செய்ய முடியுமா என்று கேட்டாய். "எனக்குப் புளூட் இருக்கு" என்றாய். இரத்தத்துக்கு நோர்ஸ்க்கில் 'புளூ' என்பார்கள். நான் பயந்துபோனேன்.

"ஏன், டொக்டர் என்ன சொன்னவர்?"

நீ கத்தியை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாய். பிறகு சொன்னாய். இந்த நாடு கிறிஸ்தவத்துக்கு மாறுவதற்கு முன்பிருந்த தெய்வங்களை இன்றும் வணங்குபவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் நீயும் ஒருத்தி. இலையுதிர்காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளையொட்டி, விளைச்சலுக்கு நன்றி சொல்லக் காட்டோரத்தில் கூடுவீர்கள். அந்தச் சடங்கின் பெயர்தான் புளூட்.

"முந்தி மிருகம் வெட்டினவை. நாங்கள் பாணும் பியரும் அப்பிளும்தான்."

"அப்ப ஆயிரம் வருசமா இதைச் செய்யிறீங்களோ?"

"இல்லை. பழைய ஆக்கள் எப்பிடிச் செய்தவை எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. எழுதி வைச்சது கொஞ்சம். மிச்சத்தை நாங்களாச் சேர்த்துக்கொண்டம்."

நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். தன் சமயத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

என் தம்பி சீலனைப் பற்றி நெடுங்காலம் உனக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தேன். 'இருக்கிறான்' என்றுதான் சொல்லவேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம். போரின் கடைசி மாதங்களில் வன்னிக்குள் அகப்பட்டவன் வெளியே வரவில்லை. உடலைக் கண்டவரும் இல்லை, உயிரோடு கண்டவரும் இல்லை. அதன் பிறகுதான் அம்மாவை இங்கே எடுப்பித்தோம். ஒவ்வொரு நவம்பரிலும் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை நடக்கும். பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதர் வாசிப்பார். அப்பாவின் பெயரை எழுதுவோம், மாமாமாரின் பெயர்களை எழுதுவோம். சீலனின் பெயரை எழுத அம்மா விட்டதில்லை.

"செத்த ஆக்களோடை என்ரை பிள்ளையின்ரை பேரை எழுதினால், அவனை நானே கொண்டமாதிரி" என்பார்.

உனக்குப் புற்றுநோய் வந்து முதல்முறை சிகிச்சை நடந்த ஆண்டு, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். செப்டம்பர் வந்தது. சூப் பானையையும் பாண் பெட்டியையும் காட்டோரம் வரை கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டாய். வீட்டில் சொன்னேன்.

"பேய்க்குப் படைக்கிற இடத்துக்கு நீர் என்னத்துக்குப் போறீர்?" என்றார் கணவர்.

"பானை தூக்கப் போறன்."

அவ்வளவுதான் என் எண்ணமும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. காட்டில் நெருப்பு மூட்டுவதற்கான கோடைத் தடை முடிந்திருந்ததால், நடுவில் கற்களை அடுக்கி விறகு எரித்தார்கள். பன்னிரண்டு பேர் இருப்பார்கள். நான் வேடிக்கையான உடுப்புகளை எதிர்பார்த்திருந்தேன். எல்லோரும் மழை ஜக்கெற்றோடு நின்றார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. ஒரு பெண் நெஞ்சில் கைக்குழந்தையைக் கட்டியிருந்தாள். நெருப்புக்குப் பக்கத்தில் சிவப்பு நூலால் கட்டிய வாற்கோதுமைக் கட்டு ஒன்று இருந்தது. வயலில் கடைசிக் கட்டை அறுக்காமல் ஓடினின் குதிரைக்கென்று விட்டுவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது என்றாய். ஓடின் அவர்களுடைய பெரிய தெய்வம். ரொம்சோஸில் வயல் இல்லாததால் தெரிந்த விவசாயி ஒருவரிடம் கேட்டு வாங்கியதாம்.

ஒரு மாட்டுக் கொம்பில் அப்பிள் சாறு ஊற்றினார்கள். அது மூன்று சுற்று வரும் என்று நீ சொல்லியிருந்தாய். முதல் சுற்று தெய்வங்களுக்கும் நிலத்துக்கும். இரண்டாவது இறந்தவர்களுக்கு. மூன்றாவதில் ஒவ்வொருவரும் ஒரு வாக்குக் கொடுக்கலாம்.

"நான் தள்ளி நிக்கிறன்" என்றேன்.

"தள்ளி நிண்டால் குளிரும். பக்கத்திலை நில். கொம்பு வந்தால் வாங்கி மற்ற ஆளிட்டைக் குடு. ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

முதல் சுற்றில் அப்படியே செய்தேன். இரண்டாவது சுற்றில் ட்ராம் சாரதி தன் மனைவியின் பெயரைச் சொன்னார். குழந்தைக்காரி தன் தகப்பனின் பெயரைச் சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் "ஹில்" என்று வாழ்த்தினார்கள். சொன்னவர் ஒரு வாய் குடித்து, கொஞ்சத்தை நிலத்தில் ஊற்றினார். நீ உன் தாயின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொம்பை என்னிடம் தந்தாய்.

நான் அதை அடுத்தவரிடம் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. "சீலன்" என்றேன். பிறகு நோர்ஸ்க்கில், "என் தம்பி."

"ஹில் சேலன்" என்றார்கள், உச்சரிக்கத் தெரியாமல். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது, எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. நான் ஒரு வாய் குடித்து, மிச்சத்தை நிலத்தில் ஊற்றினேன். பாதி என் சப்பாத்தில் விழுந்தது.

திரும்பும்போது காருக்குள் உன்மேல் பாய்ந்தேன்.

"என்னத்துக்கு என்னட்டைக் கொம்பைத் தந்தனீ?"

"எனக்குப் பக்கத்திலை நீதானே நிண்டாய்."

"என்ரை தம்பியை நான் சாகக் குடுத்திட்டன். அம்மாவுக்கு என்ன சொல்லப்போறன்? எல்லாம் உன்னாலை!"

பானையை நானே தூக்கிவந்து உன் கதவடியில் வைத்துவிட்டு மேலே போனேன். அதற்குப் பிறகு பதினான்கு நாட்கள் உன்னோடு கதைக்கவில்லை. சமையலறையில் மேசை மாறி நின்றேன். நீ காலையில் வணக்கம் சொல்வாய், நான் தலையாட்டுவேன். சிகிச்சைக்காக இரண்டு நாள் நீ வரவில்லை என்பதைக்கூட மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

பதினைந்தாம் நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கட்டிலில் செபமாலையோடு இருந்தார். ஏசுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். செபமாலையை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவையள் என்ன சொன்னவை?"

"ஹில் எண்டவை. வாழ்த்திறது, அம்மா."

"என்ன குடுத்தவை?"

"அப்பிள் சாறு. நிலத்திலை ஊத்தினனான்."

"அவன் அப்பிள் கண்டது ஒருக்காத்தான். மடு மாதா திருநாளிலை நான் வாங்கிக் குடுத்தனான். ஒண்டை நாலா வெட்டி, உனக்கும் தந்தவன்."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆரோ முன்பின் தெரியாத சனம் என்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லியிருக்குது. நான் சொல்லேல்லை" என்றார்.

அன்று பின்னேரமே உன் கதவைத் தட்டினேன். நீ தலையில் துணி கட்டியிருந்தாய். "அம்மா உன்னைப் பார்க்கவேணுமாம்" என்றேன். நீ எதுவும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாய். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "பிள்ளை, வாற வருசமும் அவன்ரை பேரைச் சொல்லுங்கோ." நான் மொழிபெயர்த்தேன். நீ தலையாட்டி "யா" என்றாய்.

அந்த நவம்பரில் கோயில் தாளை அம்மா என்னிடம் நீட்டி, "எழுது" என்றார். அப்பாவின் பெயருக்குக் கீழே சீலனை எழுதினேன். பாதர் வாசித்தபோது அம்மா எழுந்து நின்றார். மற்ற எல்லோரும் இருந்தபடியே இருந்தார்கள். அவர் மட்டும், பட்டியல் முடியும் வரை நின்றார்.

சொன்னபடி அடுத்த ஆண்டும், போன ஆண்டும் சீலனின் பெயரைச் சரியான உச்சரிப்போடு சொன்னாய். இந்தப் பங்குனியில் நீ போய்விட்டாய். உன் மகன் தேவாலயத்தில் அடக்கச் சடங்கு நடத்தினார். உன் காட்டுத் தோழர்கள் கடைசி வரிசையில் அமைதியாக இருந்தார்கள். வெளியே வந்தபின் மகன் என்னிடம், "அம்மா அந்தத் தெய்வங்களை உண்மையாக நம்பினாவா?" என்று கேட்டார். "நான் கேட்டதில்லை. நன்றி சொல்லவேணும் எண்டதை நம்பினவ" என்றேன். தாயைத் தனக்குத் தெரிந்த முறையில்தான் அவர் அனுப்பிவைத்தார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

போன கிழமை மீண்டும் கூடினோம். இந்த முறை அம்மா தானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றார். சரளைக்கல் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளியவர் என் கணவர். பேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வழியில் கல் அதிகம் என்று மட்டும் முறைப்பட்டார். இரண்டாம் சுற்றில் கொம்பு எங்களிடம் வரும் முன்பே ஆறு பேர் உன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். அம்மா இரண்டு கையாலும் கொம்பை வாங்கினார். சீலனைச் சொல்வார் என்று நினைத்தேன். உன் பெயரைச் சொன்னார். அதோடு, "என்ரை பிள்ளையை நினைச்ச பிள்ளை" என்றார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். கணவர்தான் சொன்னார்.

அந்தப் பதினான்கு நாட்களுக்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதேயில்லை. கதவைத் தட்டியதே போதும் என்று நீ எடுத்துக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். உனக்கு மிகவும் ஏலாமல் இருந்த பதினான்கு நாட்கள் அவை. கீழே இரண்டு தளம் இறங்கியிருந்தால் போதும். அந்த நாட்களில் உனக்கு யார் சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

உன் தோழி