அப்பாவும் சிறப்புத் தேவையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறதென்று சிரிக்காதே.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தது உனக்குத் தெரியும். அப்போது காப்பீட்டு ஆபீஸ் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். வயதானவர்கள், வருமானம் குறைந்தவர்கள், தீராத வியாதிக்காரர்கள், இவர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறதாம், எந்த டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தாலும் ஒரே நர்ஸம்மா எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வாராம், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிகூட அனுப்புவார்களாம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டுதான் கேட்டார். கடைசியில் அவள், இது சிறப்புத் தேவை உள்ளவங்களுக்கான திட்டம் என்று வாயை விட்டாள். அவ்வளவுதான். எதிர்வீட்டில் பேச்சு வராத பிள்ளையை ஏற்றிப்போகிற பள்ளிக்கூட வேனில் அந்த வார்த்தைதானே எழுதியிருக்கிறது. ஏம்மா, காலமெல்லாம் லாரி ஓட்டினவன் நான், என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது என்று எகிறினார். நானும் சும்மா இராமல், இவருக்குச் சிறப்பும் கிடையாது தேவையும் கிடையாது, வாய் மட்டும்தான் என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒரு டாக்டர் கொடுத்தது இன்னொரு டாக்டருக்குத் தெரியாது. பஸ் ஏறினால் கால் வலிக்கிறது என்று புண்ணைக் காட்டப் போவதையும் நிறுத்திவிட்டார். போன வாரம் காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் கண்ணு. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார், எழுதக் கூடாது என்று வாங்கவில்லையே.

அந்தப் பெண்ணுக்கு நானே போன் போட்டேன். இப்போதும் சேரலாமாம், ஆனால் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டுமாம். நம் கால் டாக்டர் அதில் இருக்கிறாரா என்று நீ பேசிக் கேள், அவள் சொல்வது எனக்குப் பாதிதான் புரிகிறது. நேற்றுக் கட்டுப் பிரிக்கையில் அப்பா காலையே பார்த்துக்கொண்டு, ஏன்டி, இப்ப அந்தத் திட்டத்துக்கு எனக்குத் தகுதி வந்துடுச்சா என்று கேட்டார். நான் பஞ்சு எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் அவளிடம் பேசிவிடு, மறக்காதே. அப்பாவுக்குப் போன் பண்ணுவதானால் முதலில் நன்றாக அழுதுவிட்டு அப்புறம் பண்ணு, குரல் கம்மினால் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா