மரம் அறுக்காத இரண்டு நாள்

18-6-1984, திங்கள்

குற்றாலம் ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். பேரருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது. பதினொன்றரைக்குப் பத்திரிகைக்குப் போனில் செய்தி கொடுத்துவிட்டு மேலகரம் திரும்பினால் வாசலில் வாடகைக் கார். மாப்பிள்ளை, பெங்களூரிலிருந்து.

பிரசவத்துக்கு வந்திருக்கும் மனைவியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவர் இரண்டு டேப்ரெக்கார்டர், ஒரு பெட்டி வயர், தொட்டில் நீளத்துக்கு ஒரு சிந்தசைசர் கொண்டுவந்திருக்கிறார்.

வீட்டுக்காரி மூக்கம்மாள் என்னை அடுக்களைக்குள் இழுத்தாள். "எத்தன நாளு இருப்பாக?"

"மாப்பிள்ளைகிட்ட அதைக் கேட்டா நல்லாருக்குமா?"

"நிருபர்தான? கேளுங்களேன்."

கேட்கவில்லை.

19-6

மகள் நீலா சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் இசைக்குழு மார்ச்சிலேயே கலைந்துவிட்டதாம். எட்டு வருடம் ராக் குழுவில் கீபோர்டு. ஒரே பாட்டு இருபத்தெட்டு நிமிடம் போகுமாம். பழைய போஸ்டர் ஒன்று காட்டினாள். சுடலைக்கண்ணு என்ற பெயரைச் சுருக்கி 'சட்' என்று போட்டிருக்கிறார்கள். சுடலைமாடனுக்கு நேர்ந்து வைத்த பெயர். நல்லவேளை, சம்பந்தியம்மா பார்க்கவில்லை.

இனி கிதார் இல்லை, டிரம் இல்லை, பாடுகிறவரும் இல்லை. இவர் தனியாக, மின்னணு இசை மட்டும். பெங்களூர் கேசட் கம்பெனி ஒன்று ஜூலை முப்பத்தொன்றுக்குள் கொண்டுவந்தால் கேட்பதாகச் சொல்லியிருக்கிறது. அது நடக்காவிட்டால் மஸ்கட்டில் ஓட்டல் வேலை. விருந்தினர் சாப்பிடும்போது வாசிக்க வேண்டும், இரண்டு வருட ஒப்பந்தம். செப்டம்பர் பத்தாம் தேதி விமானத்தில் இடமே பிடித்து வைத்துவிட்டார்கள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா, பிள்ளை இவுகள யாருன்னு கேக்கும்ப்பா," என்றாள்.

26-6

நாலு நாளாக மாப்பிள்ளைக்கு முகமே சரியில்லை. இன்று கேட்டுவிட்டார்.

"மாமா, பின்தெருவில என்ன ஓடுது?"

பலவேசத்தின் மரமில். கேரளத்து ஆர்டர், இரவும் ஓடுகிறது, ஞாயிறும் ஓடுகிறது. ரம்பம் தடியைக் கடிக்கும்போதெல்லாம் வோல்டேஜ் விழுகிறது, சுருதியும் கூடவே இறங்குகிறது. ஸ்டெபிலைசர் போட்டால் அதன் 'டக்' சத்தம் டேப்பில் ஏறிவிடுகிறது. குழுவில் இருந்தபோது இவர் சுருதி சேர்க்கிற நேரத்தை மற்றவர்கள் வாசித்து ஒப்பேற்றிவிடுவார்களாம். "இப்போ ஒப்பேத்த ஆள் இல்ல மாமா."

30-6

தென்காசிக் கடையில் வோல்ட்மீட்டர் இரவல் வாங்கி, கால் மணிக்கு ஒரு தடவை பார்த்து, மூன்று நாள் எழுதினேன். பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மில்லில் சாப்பாட்டு நேரம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் 218-க்குக் குறையவில்லை. தாளைக் கொடுத்தேன். மூன்று முறை படித்தார். என் செய்தி எதையும் யாரும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

3-7

சாப்பாடு இனி பன்னிரண்டரைக்கு. ஒரு மணிக்கு மேல் பாத்திரம் உருளக்கூடாது. உத்தரவு போட்டது மூக்கம்மாள்.

14-7

ஒரு டேப்பில் வாசித்ததை ஓடவிட்டு, அதன் மேலேயே வாசித்து, இன்னொரு டேப்பில் பிடிக்கிறார். ஏழு அடுக்கு ஆகிவிட்டது. இன்று எங்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்.

ஐந்து நிமிடம் போனதும் மூக்கம்மாள் கேட்டாள்: "பாட்டு எப்ப ஆரம்பிக்கும் மாப்ள?"

"இதான் அத்தை பாட்டு."

"அப்ப முடிஞ்சா சொல்லுங்க."

பதினோராவது நிமிடத்தில் தடித்த சுரம் ஒன்று வந்து நிற்கிறது. இரண்டு நிமிடம் நகரவே இல்லை. பிறகு ஒரு இழை, ஒரே ஒரு இழை, இறங்குகிறது. அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

26-7

முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம். நாளைக்கு இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் மேலே பெயர் எழுதுவாராம். முடியாததற்குப் பெயர் எழுதக்கூடாது என்பது அவர் வழக்கம்.

27-7, வெள்ளி

எழுதாத கேசட் என்றால் காலி என்பது என் வழக்கம்.

குற்றாலத்தில் சீசன் ஏற்பாடு பற்றிக் கலெக்டர் பேட்டி. அவசரமாகக் கிளம்பினேன். மேசைமேல் பெயரில்லாத கேசட் கிடந்தது; மாப்பிள்ளை பாதிவரை கேட்டு நிறுத்தி வைத்தது என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்து என் டேப்ரெக்கார்டரில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். யாரையும் கேட்கவில்லை, போட்டுப் பார்க்கவும் இல்லை — இருபத்தெட்டு வருஷம் ஒரு எழுத்துப் பிசகாம எழுதினவன், நான் என்ன காரியம் செஞ்சிட்டேன்.

நான் திரும்பியதும் மாப்பிள்ளை கேசட்டைப் போட்டார். பதினோரு நிமிடம் அவர் இசை. பிறகு: "பேரருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் கண்டிப்பாக..." நிறுத்தாமல் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமா, கலெக்டர் சுருதி விலகாமத்தான் பேசுதார்."

ஏசியிருக்கலாம்.

அழித்த பாதிக்குத் தனி அடுக்குகள் எதுவும் மிச்சமில்லை. தினம் ஒரு மணி நேரமாகத் திரும்பச் செய்ய இரண்டு வாரம் ஆகும். இருப்பது நான்கு நாள். சாயங்காலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, "மஸ்கட்டுக்கு வாரேன்னு எழுதிருதேன் மாமா," என்றார். நீலா எழுந்து உள்ளே போனாள்.

28-7

செய்தி சேகரிக்கப் போகிற இடத்தில் எனக்கென்று ஒரு டம்ளர் காப்பிகூட வாங்கியதில்லை. இன்று பலவேசத்தின் மில்லுக்குப் போனேன். 1981-ல் வனத்துறை பாஸ் இல்லாத தேக்குத்தடி பற்றி நான் எழுதி, மூன்று மாதம் பூட்டிக் கிடந்த அதே மில்.

"வாங்க அண்ணாச்சி. இன்னிக்கு என்னத்த எழுதப் போறிய?"

"எழுத வரல. உதவி கேக்க வந்தேன். ரெண்டு நாள் மில்லை நிறுத்தணும்."

"வீட்ல துஷ்டியா, யாரும் தவறிட்டாகளா?"

"இல்ல. மாப்பிள்ளை மியூசிக் வாசிக்கணும்."

முழுவதையும் சொன்னேன், என் தப்பு உட்பட. ரம்பத்துக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் நிறுத்துனியளே, அப்ப என்கிட்ட கேட்டுக்கிட்டா செஞ்சிய? ரெண்டு நாளுக்கு நேர்ல வந்து நிக்கிய," என்றார் பலவேசம்.

நின்றேன். வேறென்ன செய்ய?

"பாட்டுக்கு நடுவுல கலெக்டரா பேசுதாரு?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அத எனக்குப் போட்டுக் காட்டணும் அண்ணாச்சி. சரி, நாளைக்கும் மறுநாளும் மெஷினு ஓடாது. போங்க."

29-7, ஞாயிறு

காலை ஏழு முதல் 220. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

30-7

மூன்றரைக்கு முடித்தார். இரண்டாவது பாதி பழையதுபோல் இல்லை. அந்தத் தடித்த சுரம் இப்போது மூன்று நிமிடம் நிற்கிறது. "பொழுது இருந்துச்சு மாமா, அதான் நிக்க விட்டேன்," என்றார். பலவேசம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். பழைய கேசட்டில் கலெக்டரைத் தனியாக இரண்டு முறை கேட்டார். ஐந்து மணி பஸ்ஸில் மாப்பிள்ளை பெங்களூர் புறப்பட்டார்.

மரமில், வனத்துறைச் செய்திகளுக்கு இனி செங்கோட்டை நிருபர் முகம்மது மீரானை அனுப்பச் சொல்லி ஆசிரியருக்கு எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்.

24-8, வெள்ளி

காலை 6.40. பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். நீலா நலம். மாப்பிள்ளை நேற்றே வந்துவிட்டார்.

2-9

பெங்களூரிலிருந்து தந்தி. ஐந்நூறு கேசட் போடுகிறார்களாம். மூக்கம்மாள், "ஐந்நூறா? நம்ம சொக்காரங்க சொந்தபந்தத்துக்கே பத்தாதே," என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். மஸ்கட்டுக்கு என்ன எழுதினார்? ஐந்நூறை நம்பி ஒரு குடும்பம் இருக்க முடியுமா? நான் கேட்கவில்லை.

10-9, திங்கள்

அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டது. செய்தி நாலு வரி.

காலை பத்தேகாலுக்கு அந்த மஸ்கட் விமானம் பம்பாயிலிருந்து கிளம்பியிருக்கும். அந்த நேரத்தில் மாப்பிள்ளை பின்வாசலில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார், சட்டையெல்லாம் சோப்பு நுரை. நான் கடிகாரம் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.