சிவக்காத கண்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் இருமல் விட்டதா? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

போன வருஷம் வலது கண்ணில் கருவிழி மாற்றிய பிறகு அவளுக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. பள்ளி வேன் ஓட்டவும் போய்விட்டாள். இரண்டு மாதம் முன்பு, எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறுகிறது என்றாள். நான் பார்த்தேன். சிவப்பில்லை, பீளையில்லை, வலியுமில்லை. முதலில் வேன் கண்ணாடியைத் துடை என்று கிண்டலடித்தேன். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கருவிழிக்குள் வெள்ளையாக, கிளைகிளையாக ஏதோ படர்ந்திருந்தது தெரிந்தது. ஃபிரிட்ஜில் உறைபனி பிடித்தாற்போல.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துச் சோதித்துவிட்டு, பாக்டீரியா என்றார். கிருமி என்றால் கண் சிவக்காதா என்று கேட்டேன். "புதுக் கருவிழிய உடம்பு ஒதுக்கிடக் கூடாதுன்னு ஒரு சொட்டு மருந்து குடுத்தோமே, அது சிவப்பையும் வலியையும் அமுக்கிடும். கிருமி சத்தமில்லாம வளரும்," என்றார். ஒரு வேளையாகக் குறைக்கச் சொன்னதை யார் நாலு வேளை போட்டது என்றும் கேட்டார்.

அம்மா சட்டென்று, "நான்தான் டாக்டர், மறந்துபோய்ப் போட்டுக்கிட்டேன்," என்றாள்.

பாப்பா, அவள் ஒரு சொட்டுகூடத் தானாகப் போட்டுக்கொண்டதில்லை. எல்லாம் நான் போட்டது. குறைத்தால் கண் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், சொன்ன பேச்சைக் கேட்காமல் ஊற்றினேன். டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது மணிக்கொரு தரம் வேறு மருந்து. படர்வது நின்றிருக்கிறது. வெள்ளை மறையவில்லை. அந்தக் கண்ணுக்கு விரல்களை எண்ணுமளவுதான் தெரிகிறது. மறுபடி கருவிழி மாற்ற வேண்டிவரலாமாம். வேன் சாவியை அவளே பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் அவள் அதே பொய்யைச் சொல்ல, இவ்வளவு அலட்சியமா என்று அவளிடம் எகிறினாயே, எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றாள். போனை வைத்துவிட்டு, "நேரமாச்சு, சொட்டு போட வாங்க," என்று தலையைச் சாய்த்து எனக்குக் கண்ணைத் திறந்து காட்டினாள்.

நீ நன்றாயிரும்மா. வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு. கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்காதே. சும்மா கொஞ்ச நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா