ம என்றால் மக்கள்

பங்குனி 3, வியாழன்

காலையிலேயே வெயில். கோட்டை நிழல் எட்டு மணிக்கெல்லாம் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டது. சரக்கு: தார்ப்பாய் இரண்டு, நார்க்கயிறு நாலு கட்டு, சணல் ஒன்று. சணல் ஈரம். திருப்பி அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் வர்த்தகர் சங்கக் கூட்டம். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கடைவீதியைப் புதுசாக்கப் போகிறார்களாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடைகள் வந்ததிலிருந்து இங்கே ஜனம் குறைந்துவிட்டது, உண்மைதான். நகராட்சி பாதி, சங்கம் பாதி. ரோடும் சாக்கடையும் அவர்கள். விளக்கும் மற்றதும் நாம். மற்றது என்றால் என்ன? நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

சுவரில் வரைபடம் மாட்டினார்கள். வரைந்தது சுமதி! என் மகள் வயிற்றுப் பேத்தி. என்னோடுதான் இருக்கிறாள். நகராட்சி இன்ஜினியர் ஆபீசில் படம் போடும் வேலை, போன தையிலிருந்து. எழுத்தெல்லாம் முத்து. சங்கச் செயலாளர் நாச்சிமுத்து (துணிக்கடை) யார் போட்டது என்று கேட்டார். நகராட்சி ஆள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவையும் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு கிட்டே நின்று படித்தேன். கட்டம் = கடை. வி = விளக்கு. அப்புறம் பச்சை வட்டம், நடுவில் ம. என் கடைக்கு முன்னால் ஒன்று. பூக்காரி பாவாயி உட்காருகிற இடமே. செருப்புத் தைக்கிறவர் இடத்தில் ஒன்று. மருந்துக்கடை முன்னால், கடலைக்காரி இடத்தில் ஒன்று. ம என்றால் மக்கள். வேறென்ன. தெருவில் உட்காருகிறவர்களைக்கூட விடவில்லை என் பேத்தி.

தபால் ஆபீசுக்கு எதிரேயும் ஒரு வட்டம். அங்கே யாரும் உட்காருவதில்லை. இனிமேல் வருவார்களாக இருக்கும்.

பங்குனி 4, வெள்ளி

பாவாயி புதுச்சத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மல்லி மொட்டு சின்னது. கனகாம்பரம் நன்றாக இருந்தது.

அவளுக்கு ஒரு குழப்பம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்காரர்களுக்குக் கொட்டகை போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும், சீட்டுக் குலுக்கி இடம். கொடுக்கட்டுமா, வேண்டாமா என்று என்னைக் கேட்டாள். புருஷனுக்கு ஒரு கை வராது. வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கூடையால்தான். இருபது வருஷமாக என் கடை வாசலில்.

வேண்டாம் என்றேன். நீ படத்திலேயே இருக்கிறாய், பச்சை வட்டத்தில், என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"நானுங்களாக்கா? படத்துலயா? மூக்குத்தி தெரியுதுங்களா?"

நாள் முழுக்க வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு முழம் சும்மா கொடுத்தாள். சாமி படத்துக்குப் போட்டேன்.

பங்குனி 6, ஞாயிறு

சுமதிக்கு லீவு. தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தே கிடந்தாள். பாவம். நகராட்சி ஒரு திருத்தம் சொன்னால் சங்கம் வேறொன்று சொல்கிறதாம். மூன்று தடவை முதலிலிருந்து போட்டாளாம்.

அந்த ம பற்றிக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. அவளே, "படம் புரிஞ்சுதுங்களா அம்மாயி?" என்றாள். புரியாமல் என்ன என்றேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்ணில் நான் ஒருத்திதான்.

பருப்பு, புளி, சுமதிக்கு மை புட்டி. சணல்காரனுக்குக் கடிதம். மறந்தேன்.

பங்குனி 8, செவ்வாய்

புழுக்கம். நாச்சிமுத்து ஒரு தாளோடு வந்தார். உங்கள் கடைக்கு நேரே ஒன்று வருகிறது, அந்தப் பொறுப்பு உங்களுடையது என்றார். சுற்றிலும் கம்பி அடைத்து, தகரத்தில் என் கடைப் பேர் எழுதி மாட்டுவார்களாம். கம்பி எதற்கு என்று கேட்டேன்.

"மாடு கடிச்சுப்போடுமுங்க."

சரிதானே. மாடு பூவைத் தின்னும். போன மாசம்கூட ஒரு மாடு கூடையில் வாய் வைத்தது. இதையெல்லாம் யோசித்துச் செய்கிறார்களே என்று ஆச்சரியம். ஆனால் கம்பிக்குள் பாவாயி எப்படி ஏறி இறங்குவாள்? கதவு வைப்பார்களாக இருக்கும். கையெழுத்துப் போட்டேன். முழுப் பேரும்.

பூக் கொட்டகைக்குப் பேர் கொடுப்பது இன்றோடு முடிந்தது. பாவாயி போகவில்லை.

பங்குனி 14, திங்கள்

மத்தியானம் கடப்பாரையோடு இரண்டு பேர். பாவாயியை எழுந்திருக்கச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "என்னையக் குழி தோண்டி நடப்போறீங்களா?" என்று கேட்டாள். அவர்களும் சிரித்தார்கள். மரம் வைக்க என்றார்கள்.

ம. மரம்.

ஒன்றாம் வகுப்பில் படித்தது.

நான் உள்ளே போய்க் கயிற்றுக் கட்டுகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பாவாயி கூடையை எடுத்துக்கொண்டு சாக்கடை ஓரம் போய் உட்கார்ந்தாள். எதிர் வெயில். ஈரத்துணியைப் பூவின்மேல் மாற்றி மாற்றிப் போட்டாள். குழி வேலை முடிந்ததும் பழைய இடம் என்று நினைக்கிறாள். நான் சொல்லவில்லை.

பங்குனி 15, செவ்வாய்

போன இடங்கள்:
கொட்டகை. இடம் எல்லாம் ஆகிவிட்டது. அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.
நாச்சிமுத்து. நகராட்சி சொன்னால் மரத்தைத் தள்ளி வைக்கலாம்.
நகராட்சி. சங்கம் எழுதிக் கொடுத்தால் தள்ளி வைக்கலாம்.
மறுபடி நாச்சிமுத்து. கையெழுத்துப் போட்டதே நீங்கள்தானே, இப்போது வேண்டாம் என்றால் எப்படி என்கிறார். நியாயம்தான்.

பாதி பாதி என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் சரியாகத் தெரிந்ததா, தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் நல்லவர்கள். நாற்காலி போட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வீட்டில் சுமதியிடம் நடந்ததைச் சொன்னேன். நான் தப்பாகப் படித்ததையும். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

பாவாயிக்கு ஒரு வட்டம் போட முடியாதா என்று கேட்டேன்.

"படத்துல ஆளுங்க வரமாட்டாங்க அம்மாயி. ஆளுங்க நடக்கற எடந்தான் வரும்."

அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்களாம். அவள் மேல் கோபம் வந்தது. அந்தப் படம் மாதிரி ஒரு படத்தை நான் பார்த்ததும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில். எதை வைத்துக்கொள்வது?

பங்குனி 16, புதன்

கன்று வைத்துவிட்டார்கள். புங்கன். முழங்கால் உயரம். கம்பி அடைப்பு என் இடுப்புக்கு மேல். தகரத்தில் கடைப் பேர், "உபயம்" என்று கீழே. ர் மேல் புள்ளி வைக்கவில்லை, விசாலாட்சி கயிறு ஸ்டோர என்று ஆகிவிட்டது.

பாவாயி கூடையோடு வந்து கம்பியைச் சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன். உன் வட்டம் இல்லை, மரத்து வட்டம், நான்தான் தப்பாகப் படித்தேன் என்று.

 அப்புறம் அந்த எழுத்தைக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மண்ணில் விரலால் ம போட்டேன். குனிந்து பார்த்தாள்.

"இந்த ஒத்தை எழுத்தை வெச்சுத்தானுங்களா பேர் குடுக்க வேண்டாம்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"நான் படிக்காதவ. கேட்டுப்போட்டுத்தானுங்க நடப்பேன். நீங்க யாரையாச்சும் ஒருத்தரைக் கேட்டிருக்கலாமுங்கம்மா."

அம்மா என்றாள். அக்கா என்று கூப்பிடுகிறவள்.

கடைக்குள் வந்து உட்கார்ந்துகொள் என்றேன். உள்ளே இருட்டில் உட்கார்ந்தால் பூ யாருக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாள். பாதிப் பூ கூடையில்.

பங்குனி 17, வியாழன்

பாவாயி வரவில்லை.

நாலு பேர் பூ கேட்டு வந்தார்கள். மரத்தைக் காட்டினேன்.

சுமதி இன்றைக்கும் நேரம் கழித்து வந்தாள். சாப்பிடும்போது, நம் கடையின் முன்பக்கம் எங்கே முடிகிறது என்று படத்தில் கோடு இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரை உட்கார வைத்தாலும் ஒருவரும் கேட்க முடியாது என்றாள். நான் கேட்காமலே சொன்னாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது என் நாற்காலி, தராசு, நார்க்கயிற்றுக் கட்டு. முப்பது வருஷமாக அங்கேதான். உள்ளே போனால் தெரு தெரியாது. தெரு தெரியாமல் என்ன வியாபாரம்.

தூக்கம் வரவில்லை.

பங்குனி 18, வெள்ளி

கடை திறக்குமுன் கட்டுகளை உள்ளே தள்ளினேன். நாற்காலி உள்ளே. தராசு உள்ளே. இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்பக்கம் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். புதுச்சத்திரம் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.

வந்தாள். வெள்ளிக்கிழமை, வராமல் இருக்க முடியாது. இடத்தைக் காட்டினேன். எங்கே உட்கார்வது, நீங்கள் எங்கே என்று கேட்டாள். உள்ளே என்றேன். கூடையை இறக்கினாள். சந்தோஷமா, கோபமா, தெரியவில்லை. என்னோடு நாலு வார்த்தைதான் பேசினாள், நாலும் சில்லறை பற்றி.

உள்ளே புழுக்கம். தெருவில் யார் போகிறார்கள் என்று சத்தத்தை வைத்துத்தான். லாரிக்காரர் ஒருவர் வந்து கயிறு கேட்டது காதில் விழுந்தது. நான் எழுந்து வருவதற்குள் பாவாயி உள்ளே கை விட்டு ஒரு கட்டை இழுத்துப் பிரித்து முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள், மல்லி அளக்கிற மாதிரி. கயிறு எடை போட்டு விற்பது. எட்டு முழம் அளந்து, கொசுறாகக் கொஞ்சம் விட்டு, அறுக்கக் கத்தி கேட்டு என் பக்கம் கை நீட்டினாள்.

கொடுத்தேன்.