சின்சினாட்டியோ, பிலடெல்பியாவோ?

2005 பெப்ரவரி 9, புதன்

இன்று வகுப்பில் ஒரு கூத்து. வழக்கம்போலத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். பக்கத்து வரிசையில் இருக்கும் எலிசாவின் நெற்றியிலும் சாம்பல்! மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்க வேதக்காரர், பத்தொன்பது வயது. இதுவரை என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நான் அவளைப் பார்க்க, அவள் என்னைப் பார்க்க... சாம்பல் புதனாம், அவர்களின் நோன்பு தொடங்குகிற நாள்.

புள்ளியியல் ரீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கோயிலோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் "இல்லை" என்றோம். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "நல்லது, அப்ப நீங்கள் ஒரு சோடி" என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

இருவர் சேர்ந்து செய்து கொடுக்க வேண்டிய ஒப்படைக்கான சோடி அது. பாதிப் புள்ளி அந்த ஒப்படைக்குத்தான். நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடிய பிறகு, கணக்குப்பதிவுச் சான்றிதழுக்காக, பிரெஞ்சு ஓடாததால் ஆங்கிலத்தில் படிப்பிக்கிற கல்லூரி தேடி, மொன்றியலின் மறுகோடியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ வரை வந்து படிக்கிறேன். மற்றப் பாடம் எல்லாம் சரி. புள்ளியியல் மட்டும் போன பருவம் என்னைக் கவிழ்த்துவிட்டது. இம்முறையும் கவிழ்ந்தால் சான்றிதழ் இல்லை, திரும்பவும் தையல் மெஷின்தான். அப்படிப்பட்ட ஒப்படைக்குச் சாம்பலைப் பார்த்துச் சோடி சேர்த்திருக்கிறார்! நினைக்க நினைக்கச் சிரிப்பு. பயமும்.

பெப்ரவரி 11, வெள்ளி

எலிசாவும் எங்களைப் போலச் செயின்ட்-மிஷேலில்தான் இருக்கிறாள். அதே மெட்ரோ, அதே நீண்ட பஸ். இத்தனை நாளும் அவள் காதில் பாட்டு, நான் யன்னல். இன்று காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"அன்ரி, ஒப்படைக்கு நாங்கள் பேஸ்போல் செய்வமா?"

தமிழ்! அச்சொட்டான மன்னார்த் தமிழ்!

"எனக்கு அதில ஒண்டும் தெரியாது, பிள்ளை."

"அது நல்லது. அப்ப நீங்கள் என்னோட சண்டை பிடிக்கமாட்டியள்."

உண்மைதான். தொழிற்சாலையில் பதினாலு வருடம் சூப்பர்வைசர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய ஆள் நான். இதற்கும் ஆட்டினேன்.

பெப்ரவரி 16, புதன்

பஸ்ஸில் பாடம். இன்ஃபீல்ட் என்பது பந்தடிக்கிறவருக்குக் கிட்டவாக, பந்தைப் பிடிக்க நிற்கிற நாலு பேர். அடித்துவிட்டு ஓடுகிறவர் தொட வேண்டிய முதலாம், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு ஒவ்வொருவர். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஷோர்ட்ஸ்டொப் என்று ஒருவர் – அந்த ஆளுக்குத்தான் வேலை கூட. சரித்திரத்திலேயே எந்த நாலு பேர் ஆகச் சிறந்தவர்கள்? இதுதான் எங்கள் கேள்வி.

எலிசாவுக்குப் பதில் ஏற்கனவே தெரியுமாம். எழுபதுகளின் சின்சினாட்டி. அந்த அணியின் இரண்டாம் பேஸ்காரர் குள்ளமாம். எலிசாவும் குள்ளம். பேஸ்போல் மாதிரியே ஆடுகிற கல்லூரி சொஃப்ட்போல் அணியில் அதே இடத்துக்குக் காத்துக்கொண்டு, ஆட இடம் கிடைக்காமல் இரண்டாம் வருடமாக வாங்கில் குந்தியிருக்கிறாள். "கட்டை எண்டு நினைக்கினம் அன்ரி" என்றாள், யன்னலைப் பார்த்தபடி.

எங்கள் ஊர் அணியோ போன வருடத்தோடு மொன்றியலை விட்டே போய்விட்டது. அதைப் பற்றிக் கதைக்க வேண்டாமாம்.

பெப்ரவரி 23, புதன்

விளங்கிவிட்டது! விளங்கிவிட்டது!

போன பருவம் முழுக்கத் தலைக்கு மேலால் போன அந்தச் 'சராசரியிலிருந்து விலகல்' இன்று பஸ்ஸில் படாரென்று விளங்கியது. நூறு வருடத்துக்கு முந்திய ஆளை இன்றைய ஆளோடு நேரே ஒப்பிட முடியாது. மைதானம் வேறு, பந்து வேறு. ஆனால் ஒவ்வொருவரையும் அவரவர் காலத்தில், அவரவர் இடத்தில் நின்ற மற்றவர்களோடு ஒப்பிடலாம். தன் கூட்டத்தைவிட ஒருவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார்? அந்த உயரத்தை அளந்தால், செத்தவரையும் உயிரோடு இருப்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம்!

இதைச் சொன்னபோது கையை ஆட்டி எலிசாவின் கோப்பியைத் தட்டிவிட்டேன். முன்சீட்டு ஐயாவின் தொப்பி நனைந்தது.

மார்ச் 5, சனி

நாலு அணி முடிவாகிவிட்டது. முதல் உலகப் போருக்கு முந்திய பிலடெல்பியா, ஐம்பதுகளை ஒட்டிய புரூக்ளின், எழுபதுகளின் சின்சினாட்டி, அதே எழுபதுகளில் நெடுநாள் பிரியாமல் நின்ற லொஸ் ஏஞ்சலிஸ்.

ஆனால் அந்த நாலு பேர் எப்படி நகர்வார்கள் என்பது எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். என் வீட்டுக்காரர் லவாலில் பேக்கரி வேலை முடித்து மாவோடு வந்து நின்றார். குசினியில் மூன்று தட்டையும் பிரிட்ஜையும் பேஸ்களாக்கி, இவரை ஷோர்ட்ஸ்டொப் ஆக்கினேன். உருளைக்கிழங்கை உருட்டிவிட்டேன்.

"இந்திரா, உமக்கென்ன விசரே?"

"பிடியுங்கோ! பிடிச்சு முதலாம் பேஸுக்கு எறியுங்கோ!"

"எது முதலாம்?"

"பிரிட்ஜ்!"

எறிந்தார். கிழங்கு பிரிட்ஜில் பட்டுத் தெறித்தது. "கிரிக்கெட்டில இதுக்குக் கையுறையும் இல்லை, தெரியுமோ" என்றார். ஆனால் அடுத்த கிழங்குக்குத் தானாகவே குனிந்து நின்றார். கீழ்வீட்டு மதாம் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடிக்கும் வரைக்கும் விளையாடினோம். பிறகு அதையெல்லாம் உரித்துக் கறி வைத்தேன்.

மார்ச் 16, புதன்

எனக்குப் பிலடெல்பியாவில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை. படத்தில் நாலு பேரும் சலூனில் முறை வருமட்டும் இருப்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள். எலிசாவிடம் சொன்னேன், பஸ் அதிரச் சிரித்தாள்.

பந்தயம்! சின்சினாட்டி தோற்றால் அவள் சீலை கட்டிக்கொண்டு வந்து வகுப்பில் ஒப்படையைச் சொல்ல வேண்டும். பிலடெல்பியா தோற்றால் நான் அவளுடைய சொஃப்ட்போல் சட்டையும் தொப்பியும் போட வேண்டும். கை குடுத்தோம். நாற்பத்தேழு வயதில்!

மார்ச் 27, ஞாயிறு

எலிசா வீட்டில் ஈஸ்டர்ச் சாப்பாடு. அவளின் அப்பா தேவதாசன் அண்ணை கதவைத் திறந்ததும், "நீங்கள்தானோ அந்தப் பிலடெல்பியா?" என்றார்.

ஏப்ரல் 6, புதன்

தோல்வி. அடித்ததையும் பிடித்ததையும் கூட்டி எலிசா கொம்பியூட்டரில் போட்டுக் கொண்டுவந்தாள். சின்சினாட்டி முதலாவது, பிலடெல்பியா மூன்றாவது. அடிக்கிறதில் என் ஆட்கள் முன்னுக்கு நின்றார்களாம், பிடிக்கிறதில்தான் விழுந்துவிட்டார்களாம். எலிசா பஸ்ஸில் எழும்பி ஆடினாள். சாரதி கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

சட்டையைத் தந்துவிட்டாள். போட்டுப் பார்த்தேன். இடுப்புக்கு மேலே நிற்கிறது. இவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனார்.

ஏப்ரல் 9, சனி

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சொல்லிப் பழகுவதற்காக இவரை மேசையில் இருத்தி அட்டவணையை விளக்கினேன். "அந்தக் காலத்து ஆக்கள் ஏன் இவ்வளவு பந்தை விட்டிருக்கினம்?" என்று கேட்டார். கையுறை சின்னன், குசினித் துணி மாதிரி. நிலமும் மேடு பள்ளம். எல்லா அணியும்தான் அப்படி விட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றேன். எல்லா அணியும் விட்டால் சராசரியும் அப்படித்தானே இருக்கவேணும்? பார்த்தேன். மற்ற மூன்று அணிக்கும் அவரவர் காலத்துச் சராசரி. பிலடெல்பியாக்காரரின் பிடியை மட்டும் எழுபதுகளின் சராசரியோடு ஒப்பிட்டிருக்கிறது.

வெறுங்காலோடு ஓடினவனைச் சப்பாத்துப் போட்டவனோடு ஓடவிட்டு, நீ தோற்றுப்போனாய் என்கிற மாதிரி.

கைதவறிய பிழையா? எலிசா கைதவறுகிற பிள்ளை இல்லை. ஐயோ, கேக்கவோ, விடவோ? கேட்டால் கோவிப்பாள். கேக்காட்டி ரீச்சர் கண்டுபிடிப்பார், ரெண்டு பேரும் போனோம். ரீச்சர் கண்டுபிடிக்காட்டி? அப்பவும்தான் எனக்குத் தெரியுமே.

ஏப்ரல் 11, திங்கள்

கேட்டேன்.

"எலிசா, இது தெரிஞ்சு செய்ததோ?"

காதில் பாட்டை மாட்டப் போனாள். பிறகு, "ஓம். தெரிஞ்சுதான். ஆருக்கு விளங்கப்போகுது?"

"எனக்கு விளங்கிச்சே."

"அன்ரி, ஒருத்தரும் பாக்கமாட்டினம். நாளைக்கு அச்சடிக்கவேணும். விடுங்கோவன்!"

"விட ஏலாது."

இதைச் சொன்னது நானா? என் குரல்தான். பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்கள் பந்தயத்தில தோத்ததுக்காகத்தான் கதைக்கிறியள்" என்றாள். "உந்தக் கணக்கோட என்ரை பேரை நான் போடமாட்டன்" என்றேன். மணியை அடித்து, எங்கேயோ ஒரு தரிப்பில், பனிச்சேற்றில் இறங்கிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 12, செவ்வாய்

அவள் வகுப்புக்கு வரவில்லை. என்னால் இதைத் தனியே முடிக்க ஏலாது. சட்டை கதிரையில் தொங்குகிறது.

ஏப்ரல் 14, வியாழன்

வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து சப்பாத்துக் கழற்றும்போது தொலைபேசி.

"அன்ரி, ஹப்பி நியூ இயர்." பிறகு: "கோச் போன கிழமை சொன்னவா, இந்த வருசமும் நான் வாங்கிலதானாம். ஒரு இடத்திலயாவது என்னை மாதிரிக் கட்டையான அந்தச் சின்சினாட்டி ஆள் வெல்லட்டும் எண்டு நினைச்சிட்டன்."

"பொங்கல் இருக்கு, வா" என்றேன்.

அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். இவர் அவளுக்குக் கோப்பையை நீட்டி, "பிள்ளை, முதலாம் பேஸ் எங்கை தெரியுமோ?" என்று பிரிட்ஜைக் காட்டினார்.

ஏப்ரல் 17, ஞாயிறு

எங்கள் குசினி மேசையில் முழுவதையும் திரும்பச் செய்தோம். எலிசா எண்களை வாசிக்க நான் போட்டேன். பிறகு நான் வாசிக்க அவள் சரிபார்த்தாள். மைதானத்தின் சாய்வையும் கழித்தோம். சில மைதானங்களில் ஓட்டம் மலிவு. அதற்காக அங்கே அடித்தவனுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசிக் கூட்டல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எலிசா வாசித்தாள்.

பிலடெல்பியா! பிலடெல்பியா முதலாவது! சின்சினாட்டி இரண்டாவது!

நான் கத்த, இவர் ஓடிவர, கீழே தும்புத்தடி இடிக்க... அப்போதுதான் எலிசாவின் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். அவள் திரையில் வேறொரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு பேரையும் தனித்தனியே அடுக்கியிருந்தாள். பதினாறு பேரிலும் ஆக உயரத்தில் ஒருவர்.

"அன்ரி, இது ஆரெண்டு பாருங்கோ."

அவளுடைய குள்ளர்! பொய்க்கணக்கு இல்லாமலே! இருவரும் குசினிக்குள் துள்ளினோம். என்ரை நாலு பேர் சேர்ந்து முதலாவது, அவளின்ரை ஒரு ஆள் தனிய முதலாவது. அப்பாடா!

ஏப்ரல் 27, புதன்

எலிசா என் மயில்பச்சைச் சீலையில், காலில் ஓட்டச் சப்பாத்தோடு வந்தாள். மெட்ரோ கழிவறையில் ஊசி குத்திக் கட்டிவிட்டேன். அவளுக்குத் துணையாக நானும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பந்தயத்தில் வென்றாலும் போடலாம்தானே!

பேச்சை அவள் சொல்வது, தாளைத் திருப்புவது மட்டும் நான் என்று திட்டம். முதலாம் பாதி அப்படியே போனது. பிறகு பின்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "நூறு வருடத்துக்கு முந்தினவர்களை இன்றைய அணி ஒன்று தூக்கிச் சாப்பிட்டுவிடும், இந்தக் கணக்கால் என்ன பயன்?" என்றான்.

எலிசா வாயைத் திறக்க முதல் நான் தொடங்கிவிட்டேன். கையுறையைச் சொன்னேன். மேடு பள்ளத்தைச் சொன்னேன். "நாங்கள் கேட்டது ஆர் ஆரை வெல்லுவினம் எண்டில்லை, ஆர் தன்ரை காலத்தைவிட உயர்ந்து நிண்டவை எண்டு" என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பலகைக்குப் போய் நாலு பேரையும் படமாகக் கீறினேன். ஷோர்ட்ஸ்டொப் குனிவதைக் குனிந்து காட்டினேன், அந்தச் சின்னச் சட்டையோடு! வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கம் வரவில்லை. வரவேண்டிய வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"இந்தக் கணக்கில் பிழைக்கு விடுகிற இடைவெளி எவ்வளவு?" என்று ரீச்சர் கேட்டார். அது மட்டும் எனக்குத் தெரியாது. எலிசாவைப் பார்த்தேன். அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். பழைய காலத்துப் பிடிக்கணக்கு முழுதாக நம்பக்கூடியதல்ல, அதனால் எங்கள் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கொஞ்சம் பனிமூட்டம் இருக்கிறது என்று நேராகச் சொன்னாள். "நான் முதலில் இதைத் தவறாகச் செய்தேன், இவதான் பிடிச்சவ" என்றும் சொன்னாள். அதைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

நேரம் முடிந்தும் நான் நிறுத்தவில்லையாம். ரீச்சர் எழும்பி வந்து, என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மே 20, வெள்ளி

பாஸ். சும்மா பாஸ் இல்லை, நல்ல பாஸ். இவர் பேக்கரியிலிருந்து கேக் கொண்டுவந்தார். மேலே நாலு பொம்மை வைத்திருக்கிறார். ஷோர்ட்ஸ்டொப் பிழையான இடத்தில் நிற்கிறது. சொன்னேன். எடுத்து மாற்றி வைத்தார்.

ஜூலை 3, ஞாயிறு

எலிசா செயின்ட்-மிஷேல் கோடைகால அணி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் பேஸ். முதல் ஆட்டத்திலேயே ஒரு பந்தைக் கோட்டைவிட்டாள். தேவதாசன் அண்ணையும் நானும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

செப்டம்பர் 13, செவ்வாய்

புது வேலையில் இரண்டாம் கிழமை. மருந்துக் களஞ்சியம் ஒன்றின் கணக்கு அலுவலகம். எனக்கென்று ஒரு மேசை, யன்னல் பக்கம்.

இன்று காலை பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு ஆட்கள். அதில் ஒருவர், நியூயோர்க்கின் இந்த வருட இன்ஃபீல்டைப் போல ஒன்று சரித்திரத்திலேயே இருந்ததில்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு தரிப்பு மட்டும் பொறுத்தேன். பிறகு திரும்பினேன். பிலடெல்பியாவில் தொடங்கி மைதானத்தின் சாய்வுக்கு வரும்போது, நான் இறங்கவேண்டிய இடம் பின்னுக்குப் போய்விட்டது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தலையைச் சொறிந்தார்.

இறங்கித் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. போன்ஜூர், மெர்சி தாண்டி வாய் திறந்திராத நான், அவ்வளவையும் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறேன்.