தொங்குவது எதுவும் இல்லாத வீடு

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தாமரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், போன மாதம் நீ போனில் அழுத அழுகைக்கு அப்புறம் அந்த வரிக்குக் கை வரவில்லை. அதனால் நலமா என்று கேட்கவில்லை, நலமாகு என்று சொல்கிறேன். வாட்ஸப்பில் நான் அனுப்பியதை எல்லாம் நீ பார்த்துவிட்டாய், நீலக் கோடு விழுகிறது, பதில்தான் இல்லை. பேசலாம் என்றால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் எழுதினால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே வர முடியாது. மீன்கறித் தூள், ஊறுகாய், உனக்குப் பிடித்த முறுக்கு எல்லாம் வைத்த பார்சலில் இதையும் வைக்கிறேன், முறுக்கை அப்புறம் தின்னு, முதலில் இதைப் படி.

மேருவில் நான் போகிற பெக்டரி பழையபடிதான், கையுறை ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஆளைக் குறைத்துவிட்டு இருக்கிறவர்களிடம் ரெண்டு ஆள் வேலை வாங்குகிறான். உன் லெட்சுமி அத்தை மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்தாள். வந்தவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன அண்ணி, காலி பண்ணிட்டுப் போற வீடு மாதிரி இருக்கு, வாசல்ல ஒரு தோரணம்கூட இல்லையே என்று கேட்டாள். நான் காப்பி கலக்கப் போய்விட்டேன். அப்பாவுக்குத் தொங்குவது எதுவும் கண்ணில் படக்கூடாது. நீ அண்ணன் காரியம் முடிந்து விமானம் ஏறியபோது தொங்கவிட்ட பூந்தொட்டிகள் மட்டும்தான் போயிருந்தன. அப்புறம் கொடிக்கயிற்றை அறுத்தார், துணியை இப்போது நாற்காலி முதுகில் காயப்போடுகிறேன். காலண்டர் மேசையில் படுத்துக் கிடக்கிறது. காரில் கண்ணாடிக்குக் கீழே நீ கட்டின சின்ன வேல் போய்விட்டது. உங்கள் ரெண்டு பேருக்கும் தொட்டில் கட்டின கொக்கி கூரையில் இருந்ததே, அதை ஸ்டூல் போட்டு ஏறி, திருகிக் கழற்றி, ஓட்டையில் சிமெண்ட் பூசினார். என்னைக் கிஷனம்மா கிஷனம்மா என்று கூப்பிட்டே பழகின மனிதர், இப்போது எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணி வேணும், சாவி எங்க, அவ்வளவுதான், அதையும் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

உனக்குத் தெரிந்த கதையைத் திருப்பி எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த வீட்டில் அதை யாரும் முழுசாகச் சொன்னதே இல்லை, ஒரு தடவையாவது எழுதியாக வேண்டும். உன் அண்ணன் கிஷன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக்கு வெளிச்சுவரில் சாயம் அடிக்கக் கயிற்றில் இறங்கினான். கயிற்றை விட்டு விட்டு இறங்குகிற அந்த இரும்புக் கருவி நடுவில் இறுகிக்கொண்டது, மேலேயும் போக முடியவில்லை கீழேயும் வர முடியவில்லை. விழவில்லை, அடிபடவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், அண்ணே, மேல நல்ல காத்து, குடிக்க ஒரு தே தாரிக் கட்டி அனுப்புங்க என்று கூட வேலை செய்கிற, கீழே நின்ற பக்கிரிசாமியிடம் கத்தியிருக்கிறான். சூப்பர்வைசர் யாரும் கயிற்றைத் தொடாதீங்க, இன்சூரன்ஸ் பிரச்சினை ஆயிடும், தீயணைக்கிற பொம்பா வரட்டும் என்றான். பொம்பா வண்டி ரோட்டு நெரிசலைப் பிளந்துகொண்டு வந்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை கீழே நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள், பக்கிரிசாமிதான் எல்லாரையும்விடச் சத்தமாக, டேய் தம்பி, ஆடாதடா, அசையாம இருடா, இதோ வந்துட்டாங்க என்று. அவனும் பெரியவங்க பேச்சைக் கேட்கிற பிள்ளை, ஆடாமல் இருந்தான். அசையாமல் இருந்தான். இறக்கும்போது உயிர் இல்லை. கம்பெனிக்காரன் பிள்ளைக்கு இதயம் பலவீனம் என்று சொல்லி மலர் வளையம் வைத்துவிட்டுப் போனான். லெட்சுமி திருஷ்டி என்றாள். கொண்டோவில் இருந்தவர்கள் சுவர் பாதி வெள்ளை பாதி சாம்பலாக நிற்கிறதே என்று புகார் கொடுத்தார்கள், வேறு பையன்கள் வந்து அதே இடத்தில் தொங்கி அடித்து முடித்தார்கள். எவனோ பால்கனியில் நின்று எடுத்த வீடியோ இன்னும் சுற்றுகிறது. நான் அதைப் பார்த்ததில்லை. நீ இங்கிலாந்தில் அந்த ஷெஃபீல்ட் அறையில் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தாய் என்று நான் கேட்கவும் இல்லை.

நீ பாறை ஏறக் கற்றுக்கொள்ளப் போகிறேன், அதற்கென்று பயிற்சி எடுத்த வாத்தியாரம்மா சொல்லித் தருகிறார் என்று சொன்ன அன்றைக்கு நான் உன்னைத் திட்டின திட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நம் பிள்ளைகள் காசு வாங்கிக்கொண்டு கயிற்றில் இறங்கிச் சாகிறார்கள், நீ காசு கொடுத்துக் கயிற்றில் ஏறுகிறாயா, உனக்கு வெள்ளைக்காரி புத்தி வந்துவிட்டதா என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். பாறையில் முன்னாடியே ஆணி அடித்து வைத்திருக்க மாட்டார்கள், வெடிப்பைப் பார்த்து அதற்கேற்ற இரும்புத் துண்டை நாமே சொருக வேண்டும், இழுத்துப் பார்க்க வேண்டும், பிடித்தால்தான் அதில் கயிற்றை மாட்ட வேண்டும், பின்னால் வருகிறவள் கழற்றிக்கொண்டே வருவாள் என்று. இழுத்துப் பார்க்கணும்மா, அதுதான் முதல் பாடம் என்றாய். எனக்கு எரிந்தது. உன் அண்ணனுக்கு என்ன பாடம் நடத்தினார்கள் தெரியுமா, ஒரு காலையில் ஏர்கோன் ரூமில் உட்கார வைத்து ஒருத்தன் இங்கிலீஷில் படம் காட்டினான், தின்னக் கறிபாப் கொடுத்தான், போட்டோ ஒட்டி அட்டை கொடுத்தான், மறுநாள் கூரைக்கு ஏற்றிவிட்டார்கள். இது பிடிக்குமா போஸ் என்று அவன் கேட்டதற்கு, பிடிக்கும் லா, போ என்றார்கள். இழுத்துப் பார் என்று சொல்லவில்லை. மாட்டிக்கொண்டால் என்ன செய்ய என்று ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் நீ அந்தக் கடைசிப் பாடத்துக்கு வந்தாய், கயிற்றில் மாட்டிக்கொண்டால் தன்னைத்தானே எப்படி மீட்பது என்கிற பாடம். பாறை விளிம்புக்கு வெளியே தொங்கினதும் உன் கை கால் ஓடவில்லை, யாரோ தமிழில் ஆடாதே என்று கத்தினது கேட்டது, வாத்தியாரம்மா இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், இனிமேல் போகவே மாட்டேம்மா என்று சொன்னாய். நான் அப்பாடா என்றேன், நீயும் கேட்டிருப்பாய். போனை வைத்த பிறகு அந்த அப்பாடா என்னை விடவில்லை. அது நீ வீடியோவில் கேட்ட பக்கிரிசாமி குரல்தான் தாமரை. அவன் வந்து சொல்லி அழுத நாளிலிருந்து இங்கே எனக்கும் கேட்கிறது, பெக்டரியில் பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்கிறது. ஆறாயிரம் மைலோ என்னவோ, அவ்வளவு தூரம் கடல் தாண்டி அது உன்னிடம் வந்து, நீயும் அவனை மாதிரியே ஆடாமல் தொங்கினாய் என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்.

சந்திரகலா அக்கா ஷா ஆலாமில் ஒரு சுவரேறும் ஹாலில் கூட்டிப் பெருக்குகிறாள், அந்தப் பாடம் என்னவென்று கேட்கணும் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். அங்கே சொல்லிக் கொடுக்கிற கௌசலா என்கிற பெண்ணிடம் கூட்டிப்போனாள். பிரிக்பீல்ட்ஸ்காரி, சிலோன் தமிழ்க் குடும்பம், அவள் தாத்தா ரயில்வே ஆபீசில் பெரிய உத்தியோகம். எங்க ஆளுங்க தண்டவாளம் போட்டாங்க, உங்க ஆளுங்க உட்கார்ந்து டிக்கெட் கிழிச்சாங்க என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஆமா ஆன்டி, இப்பவும் உட்கார்ந்து பேசுனா வேலை ஆகாது, ஞாயித்துக்கிழமை பத்துமலைக்கு வாங்க என்றாள். கோயிலுக்குப் பின்பக்கம் தாமரை. சின்ன வயசிலிருந்து பால்குடம் எடுத்துப் படியேறின மலை, அதுக்கு ஒரு முதுகு இருக்கிறது, அதில் ஆட்கள் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணனுடைய கருப்பு டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு போனேன், இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தேன். அந்த இடுப்பு வார் எல்லாம் மாட்டி, ஒரு ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். நான்தான் சொன்னேன், என்னை எதுவும் செய்யாமல் விடு, அவன் எப்படி இருந்தானோ அப்படி இருக்கணும் என்று. வேண்டாம் ஆன்டி என்றாள். விடு என்றேன். கொஞ்ச நேரம்தான், பக்கத்திலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லி விட்டாள்.

முதலில் ஒன்றுமே இல்லை. ஊஞ்சல் மாதிரிதான் இருந்தது, அவன் ஏன் தே தாரிக் கேட்டான் என்று புரிந்தது. அப்புறம் தொடை வார் இறுகி, கால் என் கால் இல்லாமல் போனது. வேர்த்தது. குமட்டியது. சத்தம் எல்லாம் தள்ளிப்போனது. எனக்குப் பயமாகக்கூட இல்லை, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, அதுதான் பயங்கரம். கௌசலா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள், ஆன்டி ஆடுங்க, காலை உதைங்க, சும்மா இருக்காதீங்க. ஆடுங்க என்றாள் தாமரை. தொங்குகிற ஆள் அசையாமல் இருந்தால் ரத்தம் காலிலேயே நின்றுவிடுமாம், திரும்பி வராதாம். எனக்கு அங்கேயே சத்தம் போட்டு அழுகை வந்தது, குரங்கெல்லாம் ஓடிவிட்டது. இறக்கி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் அந்த ரெண்டு சின்னக் கயிற்று வளையத்தைக் காட்டினாள். பெரிய கயிற்றில் சுற்றிச் சுற்றிக் கட்டினால் பாரம் ஏறும்போது பிடித்துக்கொள்ளும், பாரம் போனால் வழுக்கி நகரும். ஒன்று இடுப்புக்கு, ஒன்று காலுக்கு. கால் வளையத்தில் ஏறி நின்றால் இடுப்புக் கயிறு தளரும், இறுகின கருவியைக் கழற்றலாம். அவ்வளவுதான். பாக்கெட்டில் கைக்குட்டை மாதிரி மடித்து வைக்கலாம். என் பிள்ளை பிழைத்திருப்பானா என்று கேட்டேன். அவள் கயிற்றைச் சுருட்டி முடித்தாள். அதை நான் சொல்ல முடியாது ஆன்டி, ஆனா அவருக்கு இது தெரிஞ்சிருந்தா சும்மா காத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டார் என்றாள். பொய் சொல்லாமல் இருந்ததற்கு அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், எழுந்து போய்விட்டார். மறுவாரம் வேலை முடிந்து தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும்போது வேனில் மணல் மூட்டை ஏற்றி வந்தார். கார் நிறுத்துகிற போர்ச்சின் இரும்பு உத்தரத்தில் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டார். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கீழே இருந்து ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். இரும்பைப் பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ராத்திரி முழுக்க அது அங்கேயே தொங்கட்டும், உத்தரம் தாங்குதா பார்ப்போம் என்று கதவைச் சாத்தினார். அந்த மூட்டைகள் வாசலில் தொங்குவது தெரிந்தும் அவர் படுத்தார் என்றால் உனக்குப் புரியும்.

கௌசலா வந்து உத்தரத்தைப் பார்த்து, மேலே கொக்கி வைத்து, கயிறும் கொடுத்துவிட்டுப் போனாள். கட்டணம் அப்புறம் பேசலாம் என்றாள், அப்புறம் பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லி அன்றைக்கே கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கினாள். இன்றைக்குக் காலையில் பக்கிரிசாமி வந்தான். மாசாமாசம் வருவான், எதுவும் சாப்பிட மாட்டான், தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டுப் போவான், இன்னமும் அதே கம்பெனிதான், நாளைக்கும் ஏறணும், வீட்டில் மூன்று பிள்ளை. இங்கே பாரு தம்பி என்று நான் கயிற்றில் ஏறித் தொங்கினேன், அப்பா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையில் இருந்து வளையத்தை எடுக்கிறேன், உடம்பு ஒரு சுற்று சுற்றியது. கீழே நின்ற பக்கிரிசாமி அவனுக்கே தெரியாமல் கத்திவிட்டான், அக்கா, ஆடாதீங்கக்கா என்று. அதே குரல். மூன்று பேருமே அதைக் கேட்டோம். அவன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். என் கையும் நின்றுவிட்டது, நீ சொன்னாயே, அதே மாதிரி. அப்போது அப்பா வாசற்படியில் இருந்து கத்தினார். கிஷனம்மா, ஆடு. காலை ஆட்டு கிஷனம்மா.

ஆட்டினேன். வளையத்தைக் கட்டினேன், ஏறி நின்றேன், இடுப்புக் கயிறு தளர்ந்தது, இறங்கி வந்தேன். அப்பா கேட் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் பக்கிரிசாமியைத் தூக்கி நிறுத்தி, எங்கே, நீ ஒரு தடவை ஏறு என்றார். சாயங்காலம் வரை ஏறி இறங்கினான், வெறும் சோறும் மீன்கறியும் ரெண்டு தட்டு சாப்பிட்டான், போகும்போது வளையம் அவன் பாக்கெட்டில் இருந்தது.

அதனால் நீ அந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் தாமரை. மற்றதை எல்லாம் விட்டாலும் விடு, பாறை எங்கேயும் ஓடாது, இதை மட்டும் முடி. வாத்தியாரம்மாவிடம் என்ன நடந்தது என்று சொல்லு, மறைக்காதே, தேதி வாங்கிக்கொள். தொங்கும்போது அந்தக் குரல் மறுபடி கேட்கும், கேட்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் அப்பா சொன்னதை நினைத்துக்கொள். வீடியோவைப் போனில் இருந்து அழித்துவிடு. கம்பளிக் காலுறை போடு, வேலைக்கு வெறும் வயிற்றில் போகாதே. முருகன் துணை இருப்பான், ஆனால் நீயும் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். எங்கள் ரெண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காமல் தேதியைச் சொல்லு. கொடிக்கயிறு திரும்பக் கட்டியாகிவிட்டது, உன் போர்வையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன், காற்றில் ஆடுகிறது.

இப்படிக்கு,
கிஷனுக்கும் உனக்கும் அம்மா,
குமுதா கன்னையா