சந்து வாயில் ஒரு போலீஸ் சட்டை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே கடும் வெயில். கல்லுடைக்கிற மலையிலிருந்து தூசி. காயப்போட்ட துணியெல்லாம் மாவு பூசியது போல. வீட்டு முன்னால் லோங்காங் சாக்கடை அடைத்துக்கொண்டு நாற்றம். குத்திவிடக் கம்பியை எடுத்தேன். அதற்குள் வேன் பிரச்சினை.

கிட்னி போன என் சம்சாரம் சரோஜாவை ரத்தம் கழுவ ஈப்போவுக்குக் கூட்டிப்போகும் வேன் சந்துக்குள் வர முடியவில்லை. எங்கள் வீட்டு வரிசைக்கு இருப்பது ஒரே சந்து. அதன் வாயில் குறுக்காக ஒரு வெள்ளிநிறக் கார். வேன் ஓட்டும் ஆரோக்கியம் இறங்கி நடந்து வந்தார்.

“ஹார்ன் அடிக்க வேண்டியதுதானே?”

“கண்ணாடிக்குள்ள பாருங்கண்ணே, சட்ட கிடக்கு. நா அடிக்க மாட்டேன் லா.”

போய்ப் பார்த்தேன். டேஷ்போர்டு மேல் போலீஸ் மேல்சட்டை. அவசரத்தில் கழற்றிப் போட்டதில்லை. எழுத்து வெளியே தெரியும்படி, ஒரு சுருக்கம் இல்லாமல், விரித்து வைத்தது. பக்கத்தில் தொப்பி. முதல் வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த சார்ஜன் தினகரனுடைய கார். இனி சா.தி. என்றே எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.

சரோஜா வேன் வரைக்கும் நடந்தே போனாள். லோங்காங் திட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து. சா.தி. அப்போது வெளியே வந்து நின்று பார்த்தார். அரைக்கால் சட்டை, வெற்றுடம்பு, கழுத்தில் வேலை அட்டை மட்டும் தொங்குகிறது. உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை. பார்த்தார்.

வாங்க வேண்டியது: உப்பில்லாத பிஸ்கட், பல்பு, எலிப்பசை.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடியும்போது மழை விட்டது. கார் அங்கேயே. நேராகப் போய்க் கேட்டேன். எனக்கு யாரிடமும் பயமில்லை. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது மேனேஜரிடமே நின்று பேசியவன்.

“தம்பி, காரக் கொஞ்சம் உள்ள தள்ளி வெச்சா வேன் வந்துரும்.”

“எந்த வேன் அங்கிள்?”

“என் சம்சாரத்துக்கு. ரத்தம் கழுவ.”

“ஓ, ஆன்ட்டிக்கா. ஜன்னல் பக்கத்துக் கட்டில்தானே அவங்களுக்கு?”

நான் எந்த இடம் என்றுகூடச் சொல்லவில்லை. கட்டில் எப்படித் தெரியும்? பேச்சை மாற்றினேன்.

“இப்ப வேலையில இருக்கியா?”

“லீவு அங்கிள்.”

“அப்பறம் எதுக்கு அந்தச் சட்ட?”

“ஆளுக்குத்தான் லீவு. சட்டைக்கு லீவு கிடையாது.” சிரித்தார். நல்ல பல்வரிசை. “நம்ம இனம்னுதான் நின்னு பேசறேன். வேற ஆளா இருந்தா ஐசி கார்டக் கேட்டிருப்பேன்.”

காரை எடுக்கவில்லை. சரோஜா இன்றும் நடந்தாள். ஊசி போடுகிற கையை மறு கையால் தாங்கிக்கொண்டு. “விடுங்க, சண்டைக்குப் போகாதீங்க” என்றாள். நான் சண்டைக்குப் போவதில்லை. சண்டைதான் என் வீட்டு வாசலுக்கு வருகிறது. தெருவிளக்குக்காக நகராண்மைக்கு நான் எழுதியபோதும் இவள் இதையேதான் சொன்னாள். விளக்கு வந்ததா இல்லையா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

முத்துக் கடையில் ரொட்டி. சா.தி.யும் இரண்டு கூட்டாளிகளும் நடு மேசையில். மூன்று பேரும் சாதாரண உடை. ஆனால் வாக்கி டாக்கியை மேசையில் நட்டு வைத்திருக்கிறார்கள். அது கரகரத்துக்கொண்டே இருக்கிறது. ஒருவன் பனியனை முதுகுப்பக்கம் தூக்கிச் செருகியிருக்கிறான், விலங்கு தெரியட்டும் என்று. ரொட்டி தின்ன விலங்கு எதற்கு?

வழக்கமாகப் பந்து விளையாட்டுக்குக் கத்துகிற பையன்கள்கூடத் தட்டைப் பார்த்துத் தின்றார்கள். போகும்போது முத்து அவர்களிடம் காசு வாங்கவில்லை. அவர்கள் கையும் பைக்குப் போகவில்லை.

போன பிறகு முத்துவிடம் கேட்டேன்.

“கொடுத்தா வாங்க மாட்டேன்னா சொல்றேன் வீராண்ணே? நீங்க ஒன்னு. சத்தமா பேசாதீங்க.”

“பேசினா என்ன? லீவுல இருக்கற ஆளுங்கதானே.”

“கெலாப் மாத்தாண்ணே. லீவு ஏது, வேல ஏது? நமக்கென்ன தெரியும்?”

கெலாப் மாத்தா. எத்தனை காலமாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு. எஸ்டேட் லயத்து வீடுகளில் போலீஸ்காரன் என்றால் மாத்தா. உடுப்புப் போடாத போலீஸ் கெலாப் மாத்தா, இருட்டு மாத்தா. சைக்கிள் சத்தம் கேட்டாலே அப்பா விளக்கைக் குறைப்பார். ஆனால் அன்றைக்கு வந்தவன் தன்னை மறைத்துக்கொண்டு வந்தான். இவர்கள் இருட்டு மாத்தா வேலையை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். எது மோசம் என்று யோசித்துப் பார்த்தேன். இதுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகள் கலா வந்தாள். சுதந்திர மாதம், கொடி விற்கிறார்கள் என்று தன் காருக்கு ஒன்று வாங்கி வந்து என் மோட்டார் சைக்கிளுக்கும் ஒன்று கட்டினாள். மீன் குழம்பு. சரோஜா தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம், குழம்பையும் அளந்துதான் ஊற்றிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ரிப்போட் செய்யப் போகிறேன் என்றேன்.

“அப்பா, போலீஸ் மேல போலீஸ்கிட்டயேவா?”

“அதுக்குத்தானே ஸ்டேஷன் இருக்கு.”

“எனக்குச் செவ்வா, வியாழன், சனி மூணு நாளும் வேல. அந்த வேன விட்டா அம்மாவுக்கு வேற வழியில்ல. ஏதாவது ஆச்சுன்னா?”

“கார எடுக்கச் சொல்றேன். அவன் தலையவா எடுக்கச் சொல்றேன்?”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். கொடி நன்றாகத்தான் பறக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்குச் சந்து வாயைக் கடக்கும்போது சரோஜாவுக்கு மயக்கம். கைக்குக் கிடைத்தது அந்தக் கார்தான். சாய்ந்தாள். கார் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. வரிசையில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது, உடனே மூடியது. ஒருத்தரும் வெளியே வரவில்லை.

சா.தி. வந்தார். கழுத்தில் அட்டை. அவசரமில்லாமல் சாவியை அழுத்தினார். சத்தம் நின்றது.

“ஆன்ட்டி, இந்தக் காரத் தொடாதீங்க. உள்ள அரசாங்கச் சாமான் இருக்கு. நாளைக்கு ஏதாவது காணோம்னா மொத கை யாரோடதுன்னு பாப்பாங்க.”

சரோஜா, “சரிங்க தம்பி” என்றாள். மன்னிப்புக் கேட்டாள். என் மனைவி அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆரோக்கியம் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார்.

வேன் போனதும் மோட்டாரை எடுத்து நேரே ஸ்டேஷன். கவுண்டரில் சின்ன வயது மலாய்க் கான்ஸ்டபிள். மரியாதையான பிள்ளை. நாற்காலி கொடுத்தான். பள்ளிக்கூடம் எனக்கு அவ்வளவாக இல்லை. மலாய் நானே பழைய பேப்பரை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றது. யார் துணையும் இல்லாமல் முழுதும் மலாயிலேயே சொன்னேன். கார் வழியை மறைப்பது, சட்டை விரித்து வைப்பது, சரோஜா சாய்ந்தது, அவர் வந்தது. நானும் நேரில் பார்த்தேன், உடுப்புப் போடாத போலீஸ் என்று முடித்தேன்.

தட்டிய தாளைக் கொடுத்தான். கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தேன். எல்லாம் நான் சொன்ன சொல். கையெழுத்துப் போட்டேன். வரும் வழியில் மனம் லேசாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

லோங்காங் குத்தினேன். ஒரு சாக்கு அளவுக்குப் பிளாஸ்டிக்.

சா.தி. காரின் பக்கக் கண்ணாடி உடைந்து தொங்குகிறது. யார் செய்ததோ. நான் இல்லை. காலையில் கேட்டருகே வந்து நின்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“அங்கிள், என் கண்ணாடியப் பாத்தீங்களா?”

“பாத்தேன். உடைஞ்சிருக்கு.”

“ஆமா. உடைஞ்சிருக்கு.” கைப்பேசியை எடுத்து எங்கள் கேட்டைப் படம் எடுத்தார். லோங்காங் குத்திய கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. அதையும் எடுத்தார். “மழ வரும் போல. கம்பிய உள்ள வைங்க அங்கிள், துருப் பிடிக்கும்.”

மாலையில் சந்து வாயில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சா.தி.யும் கூட்டாளிகளும். எல்லார் கழுத்திலும் அட்டை, கல்யாண வீட்டில் மாலை போட்டது போல. வருகிறவர் போகிறவரிடம் பேர் கேட்டுச் சிரிக்கிறார்கள். விளையாட்டுக்கு என்கிறார்கள். அடுத்த வீட்டு அக்கா கடைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டார்.

சரோஜா சாப்பிடவில்லை. “நீங்க ஒடைக்கலையே?” என்று கேட்டாள். இத்தனை வருடம் கூட இருந்தவள் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சரோஜா வேனில் போன பிறகு ஸ்டேஷனிலிருந்து போன். கலா லீவு போட்டு வந்தாள், என்னைத் தனியாக விட மாட்டாளாம். கண்ணாடி உடைத்ததாக சா.தி. ரிப்போட் கொடுத்திருக்கிறார். மேசைக்குப் பின்னால் வேறு அதிகாரி. என் தாளைத் திருப்பி வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஆத்திரத்தில் இருந்தேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், மறுநாள் கண்ணாடி உடைகிறது, இதற்கு என்ன பதில் என்று கேட்டார்.

அப்படி நான் சொல்லவே இல்லை என்றேன். கலா குனிந்து படித்தாள். முதலில் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா, என்னாப்பா சொன்னீங்க? கெலாப் மாத்தான்னா?”

“ஆமா. உடுப்புப் போடாத மாத்தா.”

“அது மாத்தா கெலாப், அப்பா! அதுவே பழைய காலத்துப் பேச்சு. மாத்தான்னா கண்ணும்தான், திருப்பிச் சொன்னா கோவத்துல கண்ணு மண்ணு தெரியாமப் போச்சுன்னு அர்த்தம். யாருக்குன்னு நீங்க சொல்லல. அதனால உங்களுக்குன்னு போட்டுட்டாங்க. நா பாத்தேன், கண்ணு மண்ணு தெரியாமப் போச்சு. அப்புடித்தான் இருக்கு.”

இதைப் பொறுமையாக எழுதி வைக்கிறேன். மலாயில் ஆள் முன்னால், குணம் பின்னால். தமிழில் குணம் முன்னால். நாங்கள் இருட்டு மாத்தா என்று நினைத்து, அதே வரிசையில் அவர்கள் சொல்லைப் போட்டுப் பேசினோம். லயத்தில் அத்தனை பேரும் அப்படித்தான். ஒருவரும் திருத்தவில்லை. படித்துப் பார்த்தபோதும் எனக்குத் தப்புத் தெரியவில்லை, என் சொல் அப்படியே இருந்ததால்.

வேறு ரிப்போட் எழுதுங்கள் என்றேன். எழுதலாம், ஆனால் பழையதும் இருக்கும் என்றார்.

வெளியே சா.தி. தூணில் சாய்ந்து நிற்கிறார். என்னிடம் பேசவில்லை, கலாவிடம்.

“அங்கிளுக்கு வயசாச்சு. நா பெருசு பண்ணல தங்கச்சி. என் மேல போட்ட ரிப்போட்ட மீட்டுக்கட்டும். ஒரு வார்த்த சாரி. நானும் என்னோடத மீட்டுக்கறேன். கண்ணாடி போனாப் போகுது.”

“என் சம்சாரம் நடந்ததையும் மீட்டுக்கறியா?” என்றேன்.

வீட்டில் என்னை இறக்கும்போது கலா, “அம்மாவ நெனச்சுப் பாருங்கப்பா.” நினைத்துத்தான் போனேன் என்று யாருக்குப் புரிகிறது? சாரி சொன்னால் அவள் நடந்தது பொய் என்று ஆகும். சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

மூட்டம். புகை வாடை. எங்கோ எரிக்கிறார்கள்.

சந்து வாயில் கார் இல்லை. முழுதும் காலி. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சரோஜாவிடம் போய்ச் சொல்லவும் செய்தேன்.

வேன் வரவில்லை. போன் போட்டேன்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க.” ஆரோக்கியம் குரலே மாறியிருந்தது. “வர வழியில மறிச்சாங்க. உடுப்பு இல்ல, அட்டதான் தொங்குச்சு. டயரு சரியில்ல, சீட்டு சரியில்லன்னு. மறுபடி மறிச்சப்ப, இந்தச் சந்துக்கு ஏம்பா போறேன்னு கேட்டாங்க. மொதலாளி என்னைய வேற ரூட்டுக்கு மாத்திட்டாரு. எனக்கும் பிள்ளைங்க இருக்குண்ணே.”

வேறு வேன் கேட்டேன். பேர் எழுதி வையுங்கள், காத்திருங்கள் என்கிறார்கள். கலா வேலையில், போன் எடுக்கவில்லை. சரோஜாவை மோட்டாரில் உட்கார வைக்க முடியாது. கால் வீங்கியிருக்கிறது, மூச்சும் கொஞ்சம். பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வெள்ளிநிறக் கார் பின்பக்கமாக ஊர்ந்து வந்தது, எங்கள் கேட் வரைக்கும். சா.தி. இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

“வேன் வரலயாமே. ஏறுங்க ஆன்ட்டி, நா விடறேன். லீவுதான்.”

வேன் வராதது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் சரோஜா எழுந்துவிட்டாள். நானும் செருப்பை மாட்டினேன்.

“நீங்க வராதீங்க,” என்றாள். “வந்தா வழி பூரா பேசுவீங்க.”

ஏறினாள். கார் போனது. வரிசையில் எல்லாரும் இப்போது வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.

பகல் முழுதும் கேட்டிலேயே நின்றேன். கஞ்சி அப்படியே. மாலையில் கொண்டுவந்து விட்டார். சாயம் போன முகத்தோடுதான் வந்தாள், ரத்தம் கழுவினால் அப்படித்தான் இருப்பாள். படுக்க வைத்துவிட்டுக் கேட்டேன்.

“என்ன சொன்னான்?”

“ஒன்னும் சொல்லல. ஏசி கூடவா குறையவான்னு கேட்டாரு.”

“வேற?”

“செவ்வாக்கெழமயும் நானே வாரேன் ஆன்ட்டின்னாரு. அங்கிள் நல்லபடியா இருந்தா எப்பவும் வாரேன்னாரு. சரின்னேன்.”

“ஏன் சரின்னே?”

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “எனக்கு மூச்சு முட்டுதுங்க. அதான்.”

முடிவு செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தக் காரில் நானும் ஏறுவேன், அவள் பக்கத்தில். ரிப்போட்டை மீட்க மாட்டேன். மீட்காதவனை ஏற்ற மாட்டேன் என்றால், அதை அவன் வாயால் எல்லார் முன்னாலும் சொல்லட்டும். திங்கட்கிழமை புது வேனுக்குப் பேர் கொடுக்கவும் போகவேண்டும். சரோஜா தூங்குகிறாள், இன்னும் சொல்லவில்லை.

வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். வீராண்ணே என்றில்லை, அங்கிள் என்றில்லை. வீராசாமி அனாக் லெலாக்கி பெரியண்ணன் என்று, ஐசி அட்டையில் உள்ளபடி, ஆளைப் பிடிக்க வருகிறவர்கள் கூப்பிடுவது போல, இன்னார் மகன் என்று அப்பா பேரையும் சேர்த்து